‘சீரியஸா இருக்கு, கிளம்பி வா’

விடியற்காலை அஞ்சே காலுக்கு போன் அடித்தால் அதில் நல்ல செய்தி இருக்காது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அழைத்தது சீர்காழியில் மாமா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன்.

“பாப்பா, மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பி வா.”

“அண்ணே, இருக்காரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இல்லம்மா” என்றார்.

சுற்றி வளைத்துச் சொல்லும் இந்தப் பழக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. வளர்ந்த மனிதர்களை எதற்குக் குழந்தை மாதிரி ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பேன். அதனால் நேரே சமையலறைக்குப் போய், பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவிடம், “மாமா போயிட்டாரும்மா” என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அப்போது 63 வயது. மாமா அவளைவிட அஞ்சு வயது சின்னவர். அம்மா தூக்கி வளர்த்த தம்பி.

அம்மா அலறவில்லை. அடுப்பை அணைத்தாள். பாலைத் தட்டுப் போட்டு மூடினாள். “மாத்துப் புடவை ரெண்டு எடுத்து வெச்சுக்கோ, நாலு நாள் ஆகும்” என்றாள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே இருந்தாள். வந்தவர்களுக்குக் காபி போனதா, அத்தை ஒரு வாயாவது சாப்பிட்டாளா, பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்தாச்சா என்று எல்லாவற்றையும் அவளே பார்த்தாள். எவ்வளவு தைரியம் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்திருந்தார்கள். மத்தியானம் அம்மா கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் மாமாவின் சட்டை ஒன்று கிடந்தது. அவர் போவதற்கு முந்தின நாள் துவைத்துப் போட்டது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதை எடுத்து, பித்தானைப் போட்டு, கையை உள்ளே மடித்து, பாதி மடிப்பிலேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியிருந்தது. “நெஞ்சுல அம்மிக்கல்லை ஏத்தி வெச்ச மாதிரி இருக்குடி” என்றாள்.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே பாதி அதற்காகத்தான். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரெண்டு நாளாச் சரியா சாப்பிடலை, வாயுப் பிடிப்பு என்றார் ஒருவர். அழுகையை அடக்கி வெச்சா இப்படித்தான் நெஞ்சை அடைக்கும், வாய்விட்டு அழுதா சரியாயிடும் என்றார் இன்னொருவர். நானும் நம்பினேன். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். துக்கம் என்று ஒரு காரணம் கண்ணெதிரே இருந்ததால் வேறு காரணம் எதையும் நான் யோசிக்கவே இல்லை. முழுசாக 40 நிமிஷம் போய்விட்டது. துக்கம் கேட்க வந்த ஒரு நர்ஸம்மா அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது வாயு இல்லை. முதல்ல வண்டியை எடுங்க” என்று அதட்டிய பிறகுதான் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தவுடன் எல்லோருடைய நடையும் வேகமானது. ரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருந்தது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம் அது. மாரடைப்பு என்றே வைத்து, மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யக் கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க என் கையில் மாமாவின் அந்தச் சட்டை இருந்தது. அதை எப்போது, எதற்கு எடுத்துக்கொண்டு வந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

டாக்டர் வெளியே வந்து, “ரத்தக் குழாய்ல அடைப்பே இல்லம்மா” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்தார். கழுத்து குறுகலாக, அடி உருண்டையாக, ஒரு பானை. “அம்மாவோட இதயம் இப்போ இப்படி இருக்கு. மேல் பாகம் சுருங்குது. அடிப்பாகம் சுருங்காம உப்பிப்போய் நிக்குது. வீட்டுல ஏதாவது பெரிய அதிர்ச்சியா?”

ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் மீனவர்கள் கடலடியில் இறக்கி வைக்கிற பானைக்கு ‘டாகோட்சுபோ’ என்று பெயர். ஆக்டோபஸ் அதைப் பொந்து என்று நினைத்து உள்ளே போய்ப் பதுங்கும். 1990இல் ஹிரோஷிமாவின் இதய மருத்துவர்கள் சிலர், மாரடைப்பு மாதிரியே வந்து, ஆனால் குழாயில் அடைப்பு இல்லாத நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய இதயத்தின் இடது கீழறை படத்தில் அந்தப் பானை போலவே தெரிந்ததால் அதே பெயரை வைத்தார்கள். பிறகு உலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்தது. ‘உடைந்த இதய நோய்’ என்று இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது.

உடைந்த இதயம் என்று கேட்டவுடன் எனக்கு அழுகை வந்தது. ஆனால் பிறகு தேடிப் படிக்கப் படிக்க, அந்தப் பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்று புரிந்தது. 2015இல் 1,750 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சராசரி வயது 67ஐ ஒட்டி. ஆனால் மன அதிர்ச்சியால் வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் சுமார் 28 சதவீதம்தான். 36 சதவீதம் பேருக்கு அறுவை சிகிச்சை, மூச்சுக் கோளாறு, கிருமித் தொற்று மாதிரி உடலுக்கு ஏற்பட்ட அடியே காரணம். மீதிப் பேரில் பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவுமே அகப்படவில்லை. அதாவது இதயத்துக்கு, தம்பி செத்த துக்கமும் நிமோனியாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடியாகத்தான் போய்ச் சேர்கின்றன. எனக்கு இதுதான் பெரிய செய்தியாகப் பட்டது. துக்கத்துக்கும் ஒரு எடை உண்டு, அது உடம்பின் மேல்தான் வந்து விழுகிறது.

அந்த அடி எப்படிப் போய்ச் சேர்கிறது? சிறுநீரகத்தின் தலைமேல் சின்னத் தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்த மறு நொடியில், நரம்பு வழியாக அதற்குக் கட்டளை போய், அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, ரத்தம் வயிற்றையும் தோலையும் விட்டுக் கை கால் தசைகளுக்கு ஓடுகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்கோ நின்று சண்டை போடுவதற்கோ இதெல்லாம் வேண்டும். கொடியில் காய்கிற சட்டையைப் பார்த்து ஓடுவதற்கும் இடமில்லை, அடிப்பதற்கும் ஆளில்லை. வெள்ளம் மட்டும் வந்துவிடுகிறது. 2005இல் அமெரிக்காவில் இப்படி மன அதிர்ச்சியால் இதயம் தளர்ந்துபோனவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கடுமையான மாரடைப்பு வந்தவர்களுக்கு இருப்பதைவிட இந்த வகை ஹார்மோன்கள் 2 முதல் 3 மடங்கு அதிகம் இருந்தன. அவ்வளவு வெள்ளத்தை இதயத் தசை தாங்காமல் திகைத்து நின்றுவிடுகிறது.

இதைப் படித்த நாளிலிருந்து நாம் அன்றாடம் பேசுகிற பேச்சு எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம். ரத்தம் வயிற்றை விட்டுப் போகும்போது குடலுக்கு நேர்வதுதான் அது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்றால், பயத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிட்டது. கை சில்லிட்டுப் போனது தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கியதால். மயிர்க்கூச்செறிவது ஒவ்வொரு மயிர்க்காலிலும் இருக்கிற இத்தனூண்டு தசை சுருங்குவதால். அடிவயிறு கலங்கியது, ஈரக்குலை நடுங்கியது, பெத்த வயிறு பத்தி எரிகிறது என்று ஒவ்வோர் உணர்ச்சிக்கும் உடம்பில் ஒரு விலாசம் வைத்திருக்கிற மொழி நம்முடையது. தொல்காப்பியம் நகை, அழுகை முதலான எட்டையும் பேசுகிற இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். மெய்யில் படுவது மெய்ப்பாடு. திருக்குறளில் பிரிவுத் துயரால் உறுப்புகள் நலமிழப்பதற்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது, 124ஆவது. காதலன் பிரிந்தால் வளை கழன்று விழும் என்று சங்கக் கவிஞர்கள் பாடியதைப் பள்ளிக்கூடத்தில் உயர்வு நவிற்சி என்று படித்தோம். சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல் ஒரு மாதம் இருந்தவளின் கையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பழைய இந்தியாவில் ஒரு விசாரணை முறை இருந்தது. திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளானவர்களை அரிசியை மென்று துப்பச் சொல்வார்கள். உலர்ந்த அரிசியாகத் துப்பினால் குற்றவாளி. பயத்தில் எச்சில் வற்றும் என்ற உண்மை அதில் இருக்கிறது. ஹார்வர்டு உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன் 1915இல் எழுதிய நூலில் இந்த அரிசிச் சோதனையை எடுத்துக்காட்டாகவே சொல்கிறார். எனக்கு அதைப் படித்தபோது வேறு ஒன்றுதான் மனதில் தைத்தது. திருடாதவனுக்கும் அந்தச் சபை நடுவே நின்றால் நா வறளாதா? உடம்பு பயத்தைக் காட்டும். எதற்குப் பயம் என்பதை அது சொல்லாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே கேனன் 1897வாக்கில், மாணவராக இருந்தபோது, புதிதாக வந்திருந்த எக்ஸ்ரே கருவியில் பூனையின் வயிறு உணவை அரைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரளும்போதெல்லாம் வயிற்றின் அசைவு நின்றுபோனது. அது அமைதியானதும் மறுபடி தொடங்கியது. வேலைக்கு இடைஞ்சல் என்று விட்டுவிடாமல் அதையே பிடித்துக்கொண்டு போனதில்தான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி பிறந்தது.

அவருக்கும் முன்னால் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்று ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். இவர் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. 1822 ஜூன் 6, அமெரிக்காவின் மேக்கினா தீவு. தோல் வியாபாரக் கம்பெனியின் கடைக்குள் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்துக் குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் காயம் முழுசாக மூடவில்லை. வெளியிலிருந்து இரைப்பைக்குள்ளே பார்க்கும்படி ஒரு துவாரம் தங்கிவிட்டது. பியூமாண்ட் இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அதற்குள் இறக்கி, எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று வருஷக் கணக்காகச் சோதித்தார். 1833இல் புத்தகம் போட்டார். செரிமானம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததற்கெல்லாம் அடித்தளமான புத்தகங்களில் அது ஒன்று. பயமோ கோபமோ வந்தால் இரைப்பையின் உட்சுவர் சில சமயம் சிவந்து உலர்ந்துபோகிறது, சில சமயம் வெளுத்துவிடுகிறது என்று அதில் குறித்திருக்கிறார்.

கோபம் வராமல் எப்படி இருக்கும்? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஏழை, வீட்டை விட்டு எங்கேயோ, வயிற்றில் நூலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காகக் கிடந்தால்? அந்தக் கோபத்தின் விளைவை டாக்டர் குறித்துக்கொண்டார். காரணம் அவரேதான் என்பது அந்தக் குறிப்பில் இல்லை. 1880இல் செயின்ட் மார்ட்டின் இறந்தபோது, மருத்துவர்கள் இரைப்பையைக் கேட்டு வந்துவிடுவார்கள் என்று பயந்து, உடல் அழுகும்வரை வைத்திருந்து பிறகுதான் அந்தக் குடும்பம் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இதெல்லாம் சட்டென்று வருகிற உணர்ச்சிகளின் கதை. மெதுவாக, வருஷக் கணக்கில் அரிக்கிறது ஒன்று இருக்கிறது. அதில் வேறொரு ஹார்மோன், கார்ட்டிசோல், முக்கியமான பங்கு வகிக்கிறது. 1995இல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகால்ட்-கிளேசரும் கூட்டாளிகளும் 26 பெண்களின் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரி சின்னக் காயம் செய்து, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். அவர்களில் 13 பேர் மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். மற்ற 13 பேர் அதே வயது, ஆனால் அந்தப் பாரம் இல்லாதவர்கள். பாரம் சுமந்தவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. அதே குழு 1998இல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு காயமும் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு ஒரு காயமும் செய்து பார்த்தது. பரீட்சை நேரத்துக் காயம் ஆற 40 சதவீதம் அதிக நாள் பிடித்தது. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். ஆனால் அந்த 9 நாளைப் படித்தபோது எனக்கு என் அத்தையின் கை ஞாபகம் வந்தது.

அத்தை, படுத்த படுக்கையாக இருந்த தன் மாமியாரை ஆறு வருஷம் பார்த்தாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பது. அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் ஆறாது. சாப்பிட்டால் வயிறு உப்பும், அவசரமாக ஓட வேண்டியிருக்கும். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது. “எல்லாம் நார்மல். ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ‘ஒண்ணுமில்ல’ வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், ‘சும்மா சொல்லிக்கிட்டுத் திரியறா’ என்று மாறிவிட்டது.

குடலின் சுவரில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் வயிற்றையும் இணைக்கிற வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி வயிற்றின் சேதியை மேலே கொண்டுபோகிற இழைகள். அத்தையின் தூக்கமின்மையும் அவமானமும் சலிப்பும் குடலுக்குப் போயின, குடலின் வலி திரும்ப மனசுக்கு வந்தது. ஸ்கேனில் புண் தெரியவில்லை என்பது புண் இல்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அந்த மருத்துவர் பக்கத்தில் உட்காரவைத்து, “வீட்டுல உங்களுக்கு ஒத்தாசைக்கு யாரும்மா இருக்கா?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாங்களும் கேட்டிருக்கலாம். ஆறு வருஷத்தில் அவளை ஒரு மாதம் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கலாம். மருந்து அதுவாகவும் இருந்திருக்கும்.

ஆக, உடம்பும் மனசும் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தும் இரண்டு பக்கமும் தப்புச் செய்கிறோம். அம்மாவுக்கு நெஞ்சு வலித்தபோது ‘துக்கம்தானே’ என்று ஓமத்தண்ணி கொடுத்தோம். அத்தைக்கு வயிறு வலித்தபோது ‘டென்ஷன்தானே’ என்று விட்டுவிட்டோம். அந்தத் ‘தானே’தான் கொல்கிறது. டாகோட்சுபோவா மாரடைப்பா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஆஞ்சியோ செய்யும்வரை டாக்டராலேயே பல நேரம் சொல்ல முடியாது. டாகோட்சுபோவிலும் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோகிறவர்கள் உண்டு. எழவு வீடாகவே இருந்தாலும், நெஞ்சு வலி என்றால் வண்டியைத்தான் எடுக்க வேண்டும்.

வயதான தம்பதியில் ஒருவர் போன கொஞ்ச நாளில் மற்றவரும் போனால், ஜோடியாப் போயிட்டாங்க என்கிறோம். 1969இல் இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே மரணம், அதே வயதுடைய மணமான ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். பெரும்பாலும் இதயத்தால். பாண்டியன் நெடுஞ்செழியனும் கோப்பெருந்தேவியும் அடுத்தடுத்துச் சாய்ந்த சிலப்பதிகாரக் காட்சியை இளங்கோவடிகள் எங்கிருந்து எடுத்தார் என்று இப்போது நான் வியப்பதில்லை.

சந்தோஷத்திலும் டாகோட்சுபோ வரும். 2016இல் ஆராய்ந்த 485 பேரில் 20 பேருக்கு, பிறந்தநாள் விழா, பிள்ளையின் கல்யாணம் மாதிரி நல்ல நிகழ்ச்சியில்தான் இதயம் பானை போல உப்பியது. நல்ல சேதியானாலும் ‘மெதுவாச் சொல்லு’ என்று பாட்டி சொல்வாள்.

ஆறு வாரம் கழித்து எக்கோ எடுத்தபோது அம்மாவின் இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பியிருந்தது. டாக்டரிடம் தனியாக, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். “நான் அன்னிக்குப் பட்டுனு சொன்னதாலயா சார்?” அவர் கொஞ்சம் யோசித்து, “அப்படி எடுத்துக்காதீங்க. தம்பி போனதுதான் அதிர்ச்சி, நீங்க சொன்ன விதம் இல்லை” என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று நான் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு அண்ணனைப் பற்றி நிறைய யோசித்தேன். ‘சீரியஸா இருக்கு, கிளம்பி வா’ என்று அவர் சொன்னபோது யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் வந்து சேர்கிற அந்த இரண்டு மணி நேரத்தில் மனசு தெரிந்துகொண்டதை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. தெருமுனையில் பந்தலைப் பார்க்கும்போது கால் தள்ளாடும், ஆனால் விழாது. யாரோ எப்போதோ, ஒரே மூச்சில் சொல்லி ஒருவரைப் பறிகொடுத்த பிறகு கண்டுபிடித்த வழியாக இருக்க வேண்டும்.

போன தை மாதம் பெரியம்மா போய்விட்டாள். செய்தி எனக்குத்தான் முதலில் வந்தது. அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கீரைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பெரியம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம்மா.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். என் விரலுக்கடியில் அவள் நாடி ஓடுவது தெரிந்தது.

“எப்போ?” என்றாள்.

நான் சொன்னேன். சொம்பை வாங்கி, பாதித் தண்ணீரைக் குடித்தாள். இந்தத் தடவை அழுதாள்.